கோழிக்கடையில் வேலை செய்யும் தம்பிக்குத் துணி முகக்கவசம் போதுமா?

முதலில் நீங்கள் கேட்டதைச் சுருக்கி எழுதிவிடுகிறேன், நான் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறேனா என்று நீங்களும் பார்த்துக்கொள்ளலாம். உங்கள் தம்பி சென்னையில் ஒரு கோழிக்கடையில் விடியற்காலை லோடு இறக்குவதிலிருந்து மதியம் கடை கழுவுவது வரை எல்லா வேலையும் செய்கிறார். ஆந்திராவில் பறவைக் காய்ச்சல் என்று செய்தி வந்ததிலிருந்து வீட்டில் நிம்மதி இல்லை. கடை முதலாளி ஒரு துணி முகக்கவசத்தைக் கொடுத்து, "நம் ஊர் வெயிலுக்கு எந்தக் கிருமியும் நிற்காது" என்று சொல்லிவிட்டார். வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது. தம்பியை வேலையை விடச் சொல்லலாமா என்பது உங்கள் கேள்வி. ஆனால் உங்களுக்கு வந்த பதில்களில் பாதிக்கு மேல் கோழிக்கறி சாப்பிடலாமா கூடாதா என்பதைப் பற்றித்தான் பேசுகின்றன. நீங்கள் அதைக் கேட்கவே இல்லை. குழம்பில் நன்றாகக் கொதித்த கறியில் இந்த வைரஸ் உயிரோடு இருக்காது; துண்டின் உள்பகுதி 70 டிகிரியைத் தொட்டாலே போதும். அந்தக் கறி சட்டிக்குப் போவதற்கு முன்னால் அதை உயிரோடு தூக்கி, அறுத்து, உரித்து, வெட்டித் தருகிறவருக்கு யார் பாதுகாப்பு என்பதுதான் உங்கள் கேள்வி. இந்தக் கேள்வியை ஒருவர் கேட்டதே எனக்கு நிறைவாக இருக்கிறது.

நான் கால்நடை மருத்துவர். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்தேன். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் பண்ணைகளிலும் இறைச்சிக் கடைகளிலும் நோய்த் தடுப்பு வேலை செய்திருக்கிறேன். பறவைக் காய்ச்சல் ஒத்திகைகளில் பணியாளர்களுக்குப் பயிற்சி அளித்திருக்கிறேன். மனிதர்களுக்கு மருந்து எழுதுவது என் வேலை இல்லை. ஆகவே மருந்தைப் பற்றி நான் சொல்வதைப் பொதுச் செய்தியாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்; யாருக்கு, எவ்வளவு, எப்போது என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

நேரடியாகப் பதில் சொல்கிறேன். இப்போதைய நிலையில் வேலையை விட வேண்டியதில்லை. துணி முகக்கவசம் போதாது. அதைவிட நல்ல முகக்கவசம் வாங்குவதும் முதல் வேலை இல்லை. கடையில் இரண்டு மூன்று ஏற்பாடுகளை மாற்றுவதுதான் முதல் வேலை. அதோடு, உடம்பு சரியில்லை என்று சொன்னால் அன்றைய கூலி போகாது என்ற உறுதி உங்கள் தம்பிக்கு வேண்டும். ஏன் என்று விளக்கமாகச் சொல்கிறேன்.

உறுதியாகத் தெரிந்தவற்றிலிருந்து தொடங்குகிறேன். பறவைக் காய்ச்சல் என்பது பறவைகளுக்கு வரும் இன்ஃபுளுயன்சா. எச்5என்1 என்ற வகை மனிதரைத் தாக்கும் என்பது 1997-இல் ஹாங்காங்கில் தெரிய வந்தது. அப்போது 18 பேருக்குத் தொற்றியது, 6 பேர் இறந்தார்கள். உயிர்க்கோழிச் சந்தைகளுக்கும் அந்தத் தொற்றுக்கும் இருந்த தொடர்பைக் கண்டுபிடித்து, ஊரில் இருந்த கோழிகள் அத்தனையையும் அழித்த பிறகுதான் அது நின்றது. இந்தியாவில் பறவைகளில் முதன்முதலாக 2006 பிப்ரவரியில், மகாராஷ்டிராவின் நவாபூரில் கண்டார்கள். அதன் பிறகு கேரளத்தின் குட்டநாட்டு வாத்துகள் முதல் 2025 தொடக்கத்தில் ஆந்திராவின் கோதாவரி மாவட்டப் பண்ணைகள் வரை பல முறை வந்து போய்விட்டது. இத்தனை முறையும் பறவைகளைக் கையாண்ட ஆயிரக்கணக்கான தொழிலாளர்களிடம் தொற்று மிக மிக அரிதாகவே இருந்தது. மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொடர்ச்சியாகப் பரவும் திறன் இந்த வைரஸுக்கு இதுவரை வரவில்லை. இவை இரண்டும் உங்கள் வீட்டாருக்கு உண்மையான ஆறுதல்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2003-க்குப் பிறகு உலக அளவில் கணக்கில் வந்த எச்5என்1 நோயாளிகள் 900-க்கும் மேல். அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் இறந்திருக்கிறார்கள். இந்தியாவில் 2021 ஜூலையில் அரியானாவைச் சேர்ந்த ஒரு சிறுவனும், 2025 மார்ச்சில் ஆந்திராவின் பல்நாடு மாவட்டத்துப் பெண் குழந்தை ஒன்றும் இறந்தார்கள். அந்தக் குழந்தைக்கும் இரண்டு வயதுதான். பச்சைக் கறித் துண்டு ஒன்றைத் தின்றதாகச் செய்தி வந்தது. உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. வீட்டைப் பற்றிப் பேசும்போது இது தேவைப்படும்.

"பாதிப் பேர் இறந்தார்கள்" என்ற கணக்கில் ஒரு சிக்கல் உண்டு. மருத்துவமனைக்கு வந்து, பரிசோதனையும் செய்யப்பட்டவர்கள் மட்டுமே இந்தக் கணக்கில் இருக்கிறார்கள். லேசான காய்ச்சலோடு வீட்டிலேயே இருந்து குணமானவர்கள் எத்தனை பேர் என்று யாரும் எண்ணவில்லை. அமெரிக்காவில் 2024-இல் பால் மாடுகளிடம் இந்த வைரஸ் பரவியபோது தொழிலாளர்களைத் தேடித் தேடிப் பரிசோதித்தார்கள். அடுத்த ஆண்டின் தொடக்கத்துக்குள் 70 பேருக்குத் தொற்று உறுதியானது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் மாட்டுப்பண்ணை, கோழிப்பண்ணைத் தொழிலாளர்கள். பலருக்கும் கண் சிவந்ததுதான் முக்கிய அறிகுறி, ஒருவர் இறந்தார். அப்படியானால் நோய் லேசானதுதானே என்று கேட்கலாம். அப்படி முடிவு கட்ட முடியாது. ஆந்திரக் குழந்தையிடம் கண்ட வைரஸ் வேறு கிளையைச் சேர்ந்தது. அங்கே லேசாகப் போனது இங்கேயும் லேசாகப் போகும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. தொற்றும் வாய்ப்பு குறைவு, தொற்றிவிட்டால் விளைவு பெரிதாக இருக்கலாம் என்று கொண்டு நடப்பதே சரி.

அடுத்து முதலாளி சொன்ன வெயில். நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார், ஆனால் தவறு. காய்ந்த தரையில் நேர் வெயில் பட்டால் வைரஸ் வேகமாக அழியும் என்பது உண்மை. கோழிக்கடையில் காய்ந்த தரை எங்கே இருக்கிறது? எச்சத்தில் ஒட்டியிருக்கும் எச்5என்1, 37 டிகிரி வெப்பத்திலும் ஆறு நாள் வரை தாக்குப்பிடித்ததை ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். 4 டிகிரி குளிரில் 35 நாள். நிழலில், ஈரத்தில், கூண்டுக் கம்பிகளில் அப்பிக்கிடக்கும் எச்சத்துக்கு சென்னையின் மே மாதம்கூடப் பெரிய தண்டனை இல்லை.

இனி கடைக்குள் போவோம். விடியற்காலை ஐந்து மணிக்கு லாரி வருகிறது. பிளாஸ்டிக் கூண்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருப்பார்கள். மேல் கூண்டின் எச்சம் கீழ்க் கூண்டின் முதுகில். தம்பி கையை உயர்த்தி மேல் கூண்டை இழுக்கும்போது காய்ந்த எச்சத்தூளும் இறகுப்பஞ்சும் நேராக முகத்தில் கொட்டுகின்றன. அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு முகத்தைத் திருப்புவார், அவ்வளவுதான். பிறகு வாடிக்கையாளர் காட்டிய கோழியைப் பிடித்துத் தராசில் வைத்து, கழுத்தை அறுத்து, நீல நிற டிரம்முக்குள் போடுகிறார். அது உள்ளே ஒரு நிமிடம் சிறகடித்துத் துடிக்கிறது. அந்த ஒரு நிமிடத்தில் டிரம்மின் வாய் வழியாக மேலே வருவது கண்ணுக்குத் தெரியாத ரத்தத் துளிகளும் சளித் துளிகளும். தம்பி அடுத்த கோழியை எடுக்க அதே டிரம்மின் மேல்தான் குனிந்து நிற்கிறார்.

நோய் வந்த பறவை ஒன்று கடைக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொண்டால், முழு நாளிலும் ஆபத்தான நேரங்கள் இந்த இரண்டும்தான்: கூண்டு இறக்கும் நேரம், டிரம் நேரம். இது என் ஊகம் மட்டும் இல்லை. நோய் ஏற்றிய கோழிகளைச் சந்தையில் அறுப்பது போலவே ஆய்வுக்கூடத்தில் அறுத்துப் பார்த்தார்கள். அந்தக் காற்றில் வைரஸ் மிதந்தது. அதே காற்றைச் சுவாசித்த ஃபெரெட் என்ற விலங்குகளுக்குத் தொற்றியது. அறுக்கும்போது பறவையைப் பையால் மூடிவிட்டால் காற்றில் கலக்கும் வைரஸ் பெரிதும் குறைந்தது. ஆகவே நான் எந்தக் கடைக்குப் போனாலும் முதலில் கேட்பது டிரம்முக்கு மூடி. கழுத்தை அறுத்து உள்ளே போட்டவுடன் மூட வேண்டும், துடிப்பு அடங்கி இன்னும் ஒரு நிமிடம் கழித்தே திறக்க வேண்டும். முகக்கவசம் போல மாதாமாதம் வாங்க வேண்டியதில்லை, மூச்சு முட்டாது, தவறாகப் போட்டுக்கொள்ளவும் வழி இல்லை. ஒரு பழைய டிரம்மின் மூடி போதும். டிரம்மை இடுப்புக்குக் கீழே, முகத்திலிருந்து தள்ளி வைப்பது இன்னும் நல்லது.

அடுத்தது மின்விசிறி. பல கடைகளில் கூண்டுகளுக்குப் பின்னால் ஒரு பெரிய விசிறி ஓடிக்கொண்டிருக்கும். கோழிகள் வெப்பத்தில் சாகாமல் இருக்க அது வேண்டும். ஆனால் கூண்டின் தூசியை அது நேராக வெட்டுக்கட்டையில் நிற்பவர் முகத்துக்குத்தான் அனுப்புகிறது. 2024 ஜூலையில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் நோய் வந்த பண்ணைகளில் கோழி அழித்த தொழிலாளர்களில் ஒன்பது பேருக்குத் தொற்றியது. கொட்டகைக்குள் 40 டிகிரி வெப்பம். பெரிய விசிறிகள் இறகையும் தூசியையும் சுழற்றி அடித்தன. அந்தப் புழுக்கத்தில் முகக்கவசமும் கண்ணாடியும் முகத்தில் சரியாகப் பொருந்தி நிற்கவில்லை. பணமும் கருவிகளும் இருக்கிற நாட்டில் நடந்தது இது. சென்னையில் நாம் வருடத்தில் எட்டு மாதம் அந்த வெப்பத்துக்குப் பக்கத்தில் வாழ்கிறோம். விசிறியைத் திருப்பி, காற்று ஆட்களின் பக்கமிருந்து கூண்டுகளைத் தாண்டி வெளியே போகும்படி வைக்கச் சொல்லுங்கள். அந்தக் காற்று நடைபாதையில் நிற்கும் வாடிக்கையாளர் மேல் அடிக்காமலும் பார்க்க வேண்டும். கடையின் அமைப்பைப் பொறுத்து இதற்குக் கொஞ்சம் யோசனை தேவைப்படும்.

இவற்றுக்குப் பிறகுதான் உடம்பில் அணிவது. துணி முகக்கவசமும் பச்சை நிற மருத்துவ முகக்கவசமும் பெரிய துளிகளைத் தடுக்கும். தூசியோடு வரும் நுண்துளிகளை ஓரங்களின் வழியே உள்ளே விட்டுவிடும். என்95 தான் சரி. நாள் முழுக்கப் போட்டுக்கொண்டிருக்க யாராலும் முடியாது என்பது எனக்குத் தெரியும். லோடு இறக்கும்போதும், டிரம்மிலும், கடை கழுவும்போதும் போட்டால் போதும். ஈரமாகிவிட்டால் மாற்ற வேண்டும். தாடி அடர்த்தியாக இருந்தால் ஓரம் படியாது, பயன் பாதியாகிவிடும்.

கண்ணை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். இந்த வைரஸுக்குப் பிடித்தமான பற்றுமுனைகள் நம் மூக்கில் குறைவு. நுரையீரலின் அடியிலும் கண்ணின் மேல் படலத்திலும் அதிகம். 2003-இல் நெதர்லாந்தில் எச்7என்7 என்ற வகை பரவி, மூன்று கோடிக்கு மேல் பறவைகளை அழித்தார்கள். தொற்று உறுதியான 89 பேரில் 78 பேருக்குக் கண் சிவந்தது மட்டுமே அறிகுறி. நோய்த் தடுப்பு மாத்திரை எடுக்காத ஒரு கால்நடை மருத்துவர் நிமோனியாவில் இறந்தார். அவர் என் தொழில்காரர் என்பதால் பயிற்சி வகுப்புகளில் அவரைச் சொல்லாமல் நான் முடிப்பதில்லை. பக்கங்களும் மூடிய பிளாஸ்டிக் கண்ணாடி வன்பொருள் கடையில் கிடைக்கும். அதிக விலை இல்லை. முகக்கவசமா கண்ணாடியா, ஒன்றைத்தான் வாங்க முடியும் என்று முதலாளி சொன்னால் இரண்டையும் கேட்டு நில்லுங்கள். கண்ணாடி ஆடம்பரம் இல்லை.

கையுறையைப் பற்றி மட்டும் எனக்குத் தயக்கம் உண்டு. மெல்லிய ரப்பர் கையுறை கத்தி வேலையில் பத்து நிமிடத்தில் கிழியும். அதை மாட்டிக்கொண்டே பணம் வாங்கி, போன் எடுத்து, மூக்கைச் சொறிந்து வேலை செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வெறும் கையோடு அடிக்கடி சோப்பு போட்டுக் கழுவுகிறவர் அவர்களைவிடப் பாதுகாப்பாக இருக்கிறார். கையில் வெட்டுக்காயம் இருந்தால் நீர்புகாத பிளாஸ்திரி போட்டு, அதன் மேல் கையுறை அவசியம். காலுக்கு ரப்பர் செருப்பு வேண்டாம், கம்பூட்ஸ் வேண்டும். அது கடையிலேயே இருக்க வேண்டும், வீட்டுக்கு வரக் கூடாது.

கழுவுவதில் நடக்கும் பெரிய தவறு ஒன்றுதான், ஆனால் எல்லாக் கடையிலும் நடக்கிறது. ரத்தமும் எச்சமும் கிடக்கும் தரை மேல் அப்படியே பிளீச்சிங் பவுடரைத் தூவுகிறார்கள். ரத்தம் அந்தப் பவுடரின் சக்தியை உறிஞ்சிவிடும், வைரஸுக்கு மிச்சம் இருக்காது. முதலில் தண்ணீர் தெளித்து நனைத்து, அழுக்கை வழித்து எடுத்து, சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவ வேண்டும். அதன் பிறகு பிளீச்சிங் கரைசலை ஊற்றிப் பத்து நிமிடமாவது ஊற விட வேண்டும். வைரஸின் மேலுறை கொழுப்பால் ஆனது, சாதாரண சோப்பே அதைக் கரைத்துவிடும். உலர்ந்த துடைப்பத்தால் பெருக்குவதும், வேகமாகப் பீய்ச்சும் குழாயால் கூண்டைக் கழுவுவதும் அடங்கிக் கிடந்ததைக் காற்றில் ஏற்றிவிடும். பிளீச்சிங்கோடு ஆசிட்டை ஒருபோதும் கலக்கக் கூடாது. குளோரின் வாயு வரும். பறவைக் காய்ச்சலுக்கு முன்னால் அது ஆளைக் கொன்றுவிடும்.

கூண்டில் செத்துக் கிடக்கும் கோழிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கோடைக்காலத்தில் லாரியில் சில கோழிகள் வெப்பத்தால் சாவது சகஜம். அதனாலேயே, நோயால் சாகும்போதும் "வெயிலில் செத்தது" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். வெப்பச் சாவு பெரும்பாலும் பயணத்தின்போது, நெரிசலான கூண்டுகளில் நடக்கும். இறக்கி வைத்துத் தண்ணீரும் காற்றும் கொடுத்தால் நின்றுவிடும். இறக்கிய பிறகும் சாவு கூடிக்கொண்டே போனால், தலையும் முகமும் வீங்கியிருந்தால், கொண்டையும் கால்களும் நீலம் பாரித்திருந்தால் சந்தேகப்பட வேண்டும். ஆனால் வெறும் கண்ணால் பார்த்து இது பறவைக் காய்ச்சல் என்றோ இல்லை என்றோ என்னாலும் சொல்ல முடியாது. போபாலில் உள்ள உயர்பாதுகாப்பு ஆய்வகத்தின் முடிவே இறுதி. தொற்றிய கோழி அறிகுறி காட்டும் முன்பே வைரஸை வெளியேற்றத் தொடங்கிவிடும், வாத்துக்கோ பல நேரம் அறிகுறியே இருக்காது. ஆகவே "கோழி நன்றாகத்தானே நிற்கிறது" என்பது முழு உத்தரவாதம் இல்லை. செத்த கோழியை அறுக்கவே கூடாது, எவ்வளவு மலிவாகக் கேட்டாலும் யாருக்கும் கொடுக்கக் கூடாது. இரண்டு பைகளில் போட்டுக் கட்டி ஓரமாக வைத்துவிட்டு, பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்கோ 1962 என்ற கால்நடை உதவி எண்ணுக்கோ சொல்ல வேண்டும்.

அப்படிப் போடும் பை கடைசியில் யார் கைக்குப் போகிறது என்பதையும் முதலாளியிடம் கேளுங்கள். குப்பை வண்டியில் வரும் தூய்மைப் பணியாளர் கைக்கு. சென்னையில் தெருவில் காகம் செத்துக் கிடந்தாலும் அவரைத்தான் எடுக்கச் சொல்கிறோம். உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்வதில்லை. பையைப் பிரித்துக் கொட்டிப் பார்க்கும் நிலையில் அவரை விடுவது பெரிய அநியாயம். கோழிக்கழிவு தனிப் பையில், கட்டப்பட்டு, வாயால் சொல்லி ஒப்படைக்கப்பட வேண்டும்.

உங்கள் தம்பியின் நண்பர்கள் சிலர், நல்ல கூலி கிடைக்கிறது என்று மாநில எல்லை தாண்டிக் கோழி அழிக்கும் வேலைக்குப் போவதாகவும் எழுதியிருந்தீர்கள். அது முற்றிலும் வேறு ஆபத்து. கடையில் நாம் பேசுவது வந்தாலும் வரலாம் என்ற நிலையை. அங்கே நோய் உறுதியாகவே இருக்கிறது. நோய் கண்ட இடத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் கோழிகளை அழிப்பதும், பத்துக் கிலோமீட்டர் வரை கண்காணிப்பதும் நம் நாட்டு நடைமுறை. அந்த வேலையில் இறங்குகிறவருக்கு முழுப் பாதுகாப்பு உடை, தடுப்பு மாத்திரை, வேலை முடிந்த பின் பத்து நாள் உடல்நலக் கண்காணிப்பு மூன்றும் தரப்பட வேண்டும். மூன்றில் ஒன்று இல்லை என்றாலும் போகக் கூடாது.

அண்டை மாநிலம் ஒன்றில் அப்படி ஒரு பணியை உடனிருந்து பார்த்திருக்கிறேன். உடை அணிவதற்கு ஒவ்வொருவருக்கும் ஒருவர் உதவினார். களைவதற்கு யாரும் இல்லை. மூன்று மணி நேரம் அந்த வெள்ளை உடைக்குள் வெந்த ஓர் இளைஞர் வெளியே வந்ததும் செய்த முதல் காரியம், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, இறகு ஒட்டிய கையுறையோடு கண்ணில் வழிந்த வியர்வையைத் துடைத்தது. நான் கத்துவதற்குள் துடைத்துவிட்டார். காலையிலிருந்து அவர் பட்ட பாடு அத்தனையும் அந்த ஒரு நொடியில் வீணானது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தப் பத்து நாளும் எனக்குத் தூக்கம் வரவில்லை. அன்றிலிருந்து பயிற்சியில் அணிவதற்குப் பத்து நிமிடம் கொடுத்தால் களைவதற்கு அரை மணி நேரம் எடுத்துக்கொள்கிறேன். பூட்ஸைக் கழுவி, மேல் கையுறையும் உடையும் உள்பக்கம் வெளியே வரும்படி சுருட்டிக் கழற்றி, கை கழுவி, கண்ணாடியைப் பின்பட்டையைப் பிடித்து எடுத்து, முகக்கவசத்தை எல்லாவற்றுக்கும் கடைசியாகக் கழற்றி, மறுபடியும் கை கழுவ வேண்டும். பக்கத்தில் ஒருவர் நின்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். வெயில் ஏறுவதற்கு முன் வேலை, அடிக்கடி ஆள் மாற்றம், தண்ணீர் குடிக்கச் சுத்தமான தனி இடம் ஆகியவை இல்லாமல் நம் வெப்பத்தில் அந்த உடை ஒரு தண்டனை.

இப்போது நோய் அறிகுறிகள். பறவையைக் கையாண்ட பத்து நாளுக்குள் காய்ச்சல், இருமல், தொண்டை வலி, மூச்சுத் திணறல், கண் சிவப்பு எது வந்தாலும் கவனிக்க வேண்டும். சென்னைக்காரர்களுக்குக் கண் சிவந்தால் "மெட்ராஸ் ஐ" என்று சொல்லி மருந்துக் கடையில் சொட்டு மருந்து வாங்கிப் போட்டுக்கொள்ளும் பழக்கம். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது முறை அது சரியாகவே இருக்கும். ஆனால் கோழிக்கடையில் வேலை செய்பவர், கூண்டில் காரணம் தெரியாமல் கோழிகள் செத்த வாரத்தில், அப்படி விட்டுவிடக் கூடாது. மருத்துவரிடம் போனால் முதல் வாக்கியமாக "நான் கோழி அறுக்கும் வேலை செய்கிறேன்" என்று சொல்லச் சொல்லுங்கள். டெங்குவும் சாதாரண ஃபுளுவும் நிறைந்த ஊரில், அவராகக் கேட்பார் என்று எதிர்பார்க்க முடியாது. ஓசெல்டமிவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரை அறிகுறி தொடங்கி 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால் அதிகப் பலன் தரும். ஆகவே நாலு நாள் பார்த்துவிட்டுப் போகலாம் என்பது இங்கே கெட்ட யோசனை. அதே நேரம், அந்த மாத்திரையை வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டு தாமாகவே போட்டுக்கொள்வதும் வேண்டாம். ஆண்டுதோறும் போடும் சாதாரண ஃபுளு தடுப்பூசி பறவைக் காய்ச்சலைத் தடுக்காது. இருந்தாலும் போட்டுக்கொள்வது நல்லது. ஒரே உடம்பில் இரண்டு வைரஸும் சேர்ந்து புது வைரஸ் உருவாகும் வாய்ப்பை அது குறைக்கும்.

இங்கேதான் கூலி வருகிறது. தம்பிக்கு இரவு காய்ச்சல் அடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் போகாவிட்டால் கூலி இல்லை; மூன்று நாள் போகாவிட்டால் வேறு ஆள் வந்துவிடுவார். அவர் ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஐந்து மணிக்குக் கூண்டு இறக்கப் போவார். நான் பார்த்த எல்லாக் கடைகளிலும் இதுதான் நடக்கிறது, இதில் அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. மறைக்கப்பட்ட காய்ச்சலை எந்த என்95-ஆலும் ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே முதலாளியிடம் பேசும்போது முகக்கவசத்துக்கு முன்னால் இதைக் கேளுங்கள்: பறவைக் காய்ச்சல் செய்தி இருக்கும் வாரங்களில் உடம்பு சரியில்லாதவருக்கு விடுப்போடு கூலி.

சட்டமும் உங்கள் பக்கம் கொஞ்சம் இருக்கிறது. 1923-ஆம் ஆண்டின் பணியாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், விலங்குகளையும் விலங்குகளின் உடல்களையும் கையாளும் வேலையில் வரும் தொற்றுநோய் தொழில்சார் நோயாகக் குறிப்பிடப்பட்டிருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் அந்தப் பட்டியல் இருக்கிறது. அதாவது வேலையால் நோய் வந்தது என்று காட்ட முடிந்தால், விபத்தில் அடிபட்டவரைப் போல இழப்பீடு கேட்கலாம். காட்ட முடிவதுதான் கடினம். சம்பளம் வாங்கியதற்கு ஏதாவது ஓர் எழுத்து ஆதாரம், மருத்துவச் சீட்டில் "கோழி கையாளும் தொழில்" என்ற ஒரு வரி, இரண்டையும் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள். பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடமாக இருந்து, சம்பளம் மாதம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் மருத்துவக் காப்பீடு உண்டு; நான்கு பேர் வேலை செய்யும் தெருக்கடைக்கு அது கட்டாயம் இல்லை. நான் வழக்கறிஞர் இல்லை. இழப்பீடு கேட்கும் நிலை வந்தால் ஒரு தொழிற்சங்கத்தின் துணையோடு போவதே நல்லது.

வீட்டைப் பற்றி. முன்பு சொன்ன நெதர்லாந்து எச்7என்7 பரவலில், தொழிலாளர்களிடமிருந்து அவர்கள் வீட்டார் மூன்று பேருக்குத் தொற்றியிருந்தது. வீட்டுக்குள் கொண்டுவருவது அரிது, ஆனால் நடக்காதது இல்லை. தம்பி கடையிலேயே சட்டையும் லுங்கியும் மாற்றி, கை கால் முகம் கழுவி, அழுக்குத் துணியைக் கட்டிய பையில் கொண்டுவரட்டும். வீட்டுக்கு வந்ததும் குளிக்கட்டும். அதுவரை குழந்தை ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ளாமல் யாராவது ஐந்து நிமிடம் பிடித்து வைத்திருங்கள். துணியைத் தனியாகச் சோப்புப் போட்டு வெயிலில் காயவைத்தால் போதும். இங்கே வெயில் உண்மையிலேயே உதவும். பச்சைக் கறி இருக்கும் பாத்திரம் குழந்தையின் கைக்கு எட்டவே கூடாது. கறி நறுக்கிய கட்டையில் கழுவாமல் வெள்ளரியோ தக்காளியோ நறுக்க வேண்டாம். கடை வாசலில் காத்திருக்கும் பூனைக்குத் தம்பி குடலைப் போடும் வழக்கம் இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். 2024 டிசம்பரில் நாக்பூரில் மீட்பு மையத்தில் இருந்த மூன்று புலிகளும் ஒரு சிறுத்தையும் இதே வைரஸால் செத்தன. பூனை இனத்துக்கு இது மிகக் கொடிய நோய். கடைப் பக்கத்துப் பூனைகள் திடீரென்று செத்தால் அதையும் சந்தேகத்தோடு பாருங்கள்.

கடைசியாக, வேலையை எப்போது நிறுத்தச் சொல்வேன்? கடைக்கு லோடு வரும் பண்ணை இருக்கும் பகுதியில் நோய் உறுதியாகி, அதன் பிறகும் அங்கிருந்தே கோழி வந்தால். செத்த கோழியை அறுக்கச் சொன்னால். காய்ச்சலோடு வேலைக்கு வரச் சொன்னால். இந்த மூன்றில் எது நடந்தாலும் அன்றைக்கே நிறுத்தட்டும், கூலி போனாலும் பரவாயில்லை. கர்ப்பிணிகள், நுரையீரல் நோயோ சர்க்கரையோ கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள் என்றால் செய்தி வரும் வாரங்களில் லோடு இறக்கும் வேலையையும் டிரம் வேலையையும் வேறு ஒருவருக்கு மாற்றிவிட வேண்டும்.

கடையில் எத்தனை பேர், விசிறி எந்தச் சுவரில், டிரம் எங்கே என்று ஒரு தாளில் கோட்டுப் படமாக வரைந்து தம்பியை அனுப்பச் சொல்லுங்கள். விசிறியை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று நான் குறித்து அனுப்புகிறேன். மூடியை நாளைக் காலை லோடு வருவதற்கு முன்பே வாங்கிவிடலாம்.